எத்தனை மழைக்காலத்துக்குப் பணம்? தாவர நோயியல் ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகைகள்: ஓர் ஒப்பீடு

உதவித்தொகை அறிவிப்பு வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் தேடுவது மாதம் எவ்வளவு என்ற எண்ணைத்தான். குடும்பச் சூழல் அப்படி. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் தாவர நோயியலில் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பணம் எத்தனை தென்மேற்குப் பருவமழை வரைக்கும் வரும்? குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை பக்கமிருந்தும், மலைக்குக் கீழே கம்பம், போடியிலிருந்தும் வேளாண் பட்டம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: களத்தில் இறங்கிச் செய்யும் ஆய்வு என்றால், மாதத்தொகை கொஞ்சம் குறைந்தாலும் ஐந்தாண்டு தரும் உதவித்தொகையை எடுங்கள்.

காரணம் விளங்க, ஏலக்காயின் அழுகல் நோயை எடுத்துக்கொள்வோம். பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் நோய் அது. பார்வைக்குப் பூஞ்சை போலிருந்தாலும் அது பூஞ்சை இனம் அல்ல. நீரில் நீந்தும் வித்துகளால் பரவுவது. ஜூனில் மழை இறங்கி, தோட்டத்துக்குள் நாள்கணக்கில் வெயிலே படாமல் இருக்கும்போது, தூரின் அடியில் கிடக்கும் சரங்களில் காய்களின்மேல் நீர் கோத்தாற்போல ஒரு புள்ளி விழும். சில நாளில் அது கரும்பச்சையாகிப் பழுப்பேறி, காய் அழுகி நாற்றமெடுத்து உதிரும். அந்தத் தூரின் மண்ணை எடுத்துவந்து கண்ணாடிக் குவளையில் நீரோடு கலக்கி, மேலே இலைத் துணுக்குகளை மிதக்கவிட வேண்டும். கிருமியைப் பிடிப்பதற்கான இரை அது. இரண்டு மூன்று நாளில் துணுக்கின் ஓரம் கருக்கத் தொடங்கும். அந்த ஓரத்தை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் எலுமிச்சை வடிவில் வித்துறைகள் தெரியும். குளிர்ந்த நீர் பட்டுச் சற்று நேரம் போனதும் அவற்றின் நுனி திறந்து வித்துகள் நீந்திப் புறப்படுவதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தத் துறையை விட்டுப் போவது கடினம்.

ஆய்வகத்து வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எந்த மருந்து, கிருமியை அடக்கும் எந்த எதிருயிரி, எந்த ரகம் நோயைத் தாங்குகிறது என்று தோட்டத்தில் பார்ப்பதற்கு மழை வேண்டும், கூடவே நோயும் வர வேண்டும். ஒரு வருடம் மழை பிந்தினாலோ விட்டு விட்டுப் பெய்தாலோ நோய் பரவாது. மருந்தடித்த வரிசைக்கும் அடிக்காத வரிசைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வருடத்துப் புள்ளிவிவரம் அத்தனையும் பயனற்றுப் போகும். ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர்கள் குறைந்தது இரண்டு பருவத்து முடிவுகளையாவது எதிர்பார்ப்பார்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் (ஐசிஏஆர்) முனைவர் படிப்புக்கு நடத்தும் அகில இந்தியத் தேர்வில் கிடைக்கும் உதவித்தொகை மூன்றாண்டுக்கானது. அக்டோபரில் சேருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று தென்மேற்குப் பருவமழை. வேளாண் பல்கலைக்கழகங்களில் முதல் வருடம் பாடங்கள், தேர்வுகள், ஆய்வுத்திட்ட வரைவு, குழுவின் ஒப்புதல் என்று ஓடிவிடும். முதல் மழையில் தோட்டம் தேடுவதும் மாதிரி சேகரிப்பதும் நடந்தால் பெரிது. மீதி இரண்டு மழை. அதில் ஒன்று பொய்த்தால், மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் பணமும் நிற்கும், ஆய்வும் பாதியில் நிற்கும். அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் (சிஎஸ்ஐஆர்) நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) ஐந்தாண்டு வரை நீடிக்கும். ஐந்து மழை, முதலாவதைக் கழித்தாலும் நான்கு. ஒன்று பொய்த்தாலும் மூன்று மிச்சம். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் முதுநிலை உதவித்தொகை (எஸ்.ஆர்.எஃப்.) ஆனதும் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. ஆய்வுச் செலவுக்கென ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் வாடகை கொடுக்கவே அது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. எல்லா நோயும் மழையைக் கேட்பதில்லை. ஏலத்தின் இன்னொரு பெரிய நோயான கட்டே, அசுவினி பரப்பும் தேமல் நோய். பூச்சி புகாத வலைக்கூண்டுக்குள் செடியை வைத்து, அசுவினியை விட்டு, வருடம் முழுவதும் ஆராயலாம். வைரஸின் மரபுத் தொடரைப் படிப்பதும் எதிர்ப்பு ரகம் தேடுவதும் எந்த மாதத்திலும் நடக்கும். அத்தகைய தலைப்புக்கு மூன்றாண்டு உதவித்தொகை போதும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தின் கருவிகளும் நூலகமும் அங்கே கிடைக்கும் ஆசிரியர்களும் கூடுதல் பலம். தென்னை வேர் வாடல் நோயையோ எதிர்த் திசையில் பாருங்கள்: மரம் மெதுவாக நோய்வாய்ப்பட்டு வருடக்கணக்கில் மெலிவது. தனியொரு மாணவர் ஐந்தாண்டில் அதன் ஒரு மூலையைத்தான் தொட முடியும். ஆகவே தலைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உதவித்தொகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த நோய், எந்தப் பயிர் என்பது மனதில் ஓரளவு உருவான பிறகு தேர்ந்தெடுங்கள்.

வண்டன்மேட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி போன வருடம் கேட்டாள்: "அண்ணா, சிஎஸ்ஐஆர் பாடத்திட்டத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நாங்கள் படித்த அக்ரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே?" அவள் பயம் நியாயமானது. உயிர் அறிவியல் தாளில் உயிர்வேதியியல், செல் உயிரியல், மரபியல், வளர்ச்சி உயிரியல், சூழலியல் எல்லாம் சேர்ந்துதான் கேள்வி வரும். நோய்க்கிருமிக்கும் செடிக்கும் நடக்கும் போராட்டம் அதில் ஒரு சிறு பகுதி. விலங்கியல், நுண்ணுயிரியல் மாணவர்களோடு போட்டியிட வேண்டும். ஐசிஏஆர் தேர்வு அப்படியல்ல. நீங்கள் நாலு வருடமும் அதற்குமேல் இரண்டு வருடமும் படித்த பாடத்தையே அது கேட்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை, சிஎஸ்ஐஆர் ஆண்டுக்கு இருமுறை. எம்எஸ்சி முதலாண்டிலேயே மரபியலையும் செல் உயிரியலையும் தனியாக எடுத்துப் படிக்கத் தொடங்கினால் வேளாண் மாணவர்களால் அதைத் தாண்ட முடியும் என்றே அவளிடம் சொன்னேன். இரண்டையும் எழுதுங்கள்; ஒன்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் நெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவர நோயியலுக்கென்றே தனித்தாள் உள்ள தேர்வு அது. உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி தரும். உதவித்தொகை தராது. வீட்டில் "நெட் பாஸாகிவிட்டாள், இனி மாதாமாதம் பணம் வரும்" என்று நம்பி, தோட்ட முதலாளியிடம் வாங்கிய கடனுக்குத் தவணை சொல்லிவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறை தருவது, வேளாண்மையும் அதன் எல்லைக்குள் வரும், ஐந்தாண்டு, தொகையும் ஜே.ஆர்.எஃப்புக்கு இணையானது. தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள். ஆனால் அண்மை ஆண்டுகளில் அதன் பணம் மாதக்கணக்கில் தாமதமானதாக ஆய்வு மாணவர்கள் வெளிப்படையாகக் குரல் எழுப்பினார்கள்; நாளிதழ்களிலும் வந்தது. அதனால் அதையும் சிஎஸ்ஐஆரையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு நான் சிஎஸ்ஐஆரையே சொல்வேன். இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது. காசர்கோட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேருபவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) மாதம் 8,000 ரூபாய் தருகிறது. வீட்டிலிருந்து பணம் வரும் நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே அது ஒத்துவரும். ஏலத்தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து வருகிறவர்களை அந்தத் தொகையை நம்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

முதுநிலையில் நிலைமை எளிது. ஐசிஏஆர் நுழைவுத்தேர்வில் மேலே வந்தால் மாதம் 12,640 ரூபாய், இரண்டாண்டுக்கு. அந்த வரிசையில் வராவிட்டாலும், அதே தேர்வின் வழியாகச் சொந்த மாநிலத்துக்கு வெளியே சேருபவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தரும் தேசியத் திறன் உதவித்தொகை உண்டு. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. இடுக்கியில் இருப்பிடச் சான்று உள்ள மாணவர் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் வெளிமாநிலம்தான். கம்பத்துப் பையன் கேரள வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் திருச்சூர் வெள்ளானிக்கரையில் சேர்ந்தாலும் வெளிமாநிலம்தான். ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டே அந்தத் தொகையை வாங்கலாம்.

அதே எல்லை இன்னொரு இடத்தில் காலை வாருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தலைமுறையாக வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் பட்டியல் சாதியினர் ஏராளம். கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்த நாள் அது. எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடான லயன் வீட்டில் பிறந்து லயன் வீட்டிலேயே இறந்த தாத்தாவுக்கு நிலப்பத்திரம் ஏது, வீட்டுவரி ரசீது ஏது? தமிழ்நாட்டுக்குப் போய்க் கேட்டால் "நீங்கள் கேரளத்தில் அல்லவா இருக்கிறீர்கள்" என்பார்கள். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் குடிபெயர்ந்து போன மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, கேரள அரசின் கல்வி உதவிக்குக் கேரளச் சான்றிதழ் வேண்டும், தமிழ்நாட்டு அரசின் உதவிக்கு அங்கே பூர்வீகம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை நிற்கிறது.

அதனால்தான் மாநில உதவிகளை நம்பித் திட்டம் போட வேண்டாம் என்று இப்பகுதிப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தேர்வில் பெறும் மதிப்பெண்ணால் கிடைக்கும் மத்திய உதவித்தொகைகள் இந்தச் சிக்கலுக்கு வெளியே நிற்கின்றன. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்குத் தரப்படுகிறது. நெட் எழுதியிருக்க வேண்டும், ஜே.ஆர்.எஃப். வரிசைக்குள் வராவிட்டாலும் வாய்ப்பு உண்டு. ஆனால் இதற்குச் சாதிச் சான்றிதழ் தேவை. மத்திய அரசின் சான்றிதழ்ப் படிவத்தில் வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தினருக்கென்றே தனிப்பத்தி இருக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பூர்வீக மாநிலத்தில் வழங்கப்பட்ட சான்றிதழை வைத்து அதை வாங்கலாம். வில்லேஜ் ஆபீஸில் அந்தப் பத்தியைக் காட்டிக் கேளுங்கள். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், தேனி, திருநெல்வேலிப் பக்கத்து உறவினர்களின் சான்றிதழ்கள், எஸ்டேட்டின் பழைய மஸ்டர் (வருகைப்) பதிவு, எதுவானாலும் இப்போதே தேடிச் சேர்த்துவையுங்கள். விண்ணப்பக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பு தொடங்கினால் நடக்காது.

அடுத்தது, திட்டப் பணி. மயிலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் (நறுமணப் பொருள் வாரியம்) ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம். கோழிக்கோட்டில் நறுமணப் பயிர்களுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம், காசர்கோட்டில் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், கீழே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி. இத்தகைய இடங்களில் அவ்வப்போது ஆய்வுத் திட்டங்களுக்கு ஆளெடுப்பார்கள். எம்எஸ்சி முடித்த கையோடு சேரலாம், வீட்டுக்கு அருகில் இருக்கலாம், கை நன்றாகப் பழகும். இரண்டு மழைக்காலம் ஏலத்தோட்டத்தில் திட்டத்துக்காக மாதிரி எடுத்த பிள்ளைக்கும் புத்தகம் மட்டும் படித்த பிள்ளைக்கும் நேர்காணலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் பணம் திட்டத்துக்குச் சொந்தமானது, உங்களுக்கு அல்ல. ஆண்டுதோறும் நீட்டிப்பு வர வேண்டும். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. என்ன ஆராய்வது என்பதைத் திட்டத்தை எழுதியவர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார். வேளாண் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்பு முழுநேரம் தங்கிப் படிப்பது என்பதால், திட்டப் பணியில் இருந்துகொண்டே பதிவு செய்ய முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் நம்பாதீர்கள். நெட்டுக்குத் தயாராகும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு நல்ல ஏற்பாடு அது. அதற்குமேல் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு நெருங்கிவிடும்.

வெளிநாடு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தாவர நோயியல் துறைகளில், முனைவர் படிப்புக்குச் சேரும் மாணவருக்கு வாரம் 20 மணி நேர ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பொறுப்பு கொடுத்து, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் தருவது வழக்கம். கார்னெல், விஸ்கான்சின், டேவிஸ் போன்ற இடங்களில் இந்தத் துறைக்கு நூறாண்டு மரபு உண்டு. நான்கைந்து வருடம் பணம் தொடரும். மழைக்காலக் கணக்கில் பார்த்தால் இது இந்திய ஐந்தாண்டுக்கு நிகர். ஆனால் அங்கே நீங்கள் ஆராயப்போவது பேராசிரியருக்கு மானியம் கிடைத்த பயிரை: சோயா, கோதுமை, சோளம், உருளைக்கிழங்கு. ஏலக்காயை அல்ல. சோயாவின் வேரழுகலையும் உருளைக்கிழங்கின் கருகலையும் உண்டாக்குவது பைட்டோப்தோரா இனம்தான் என்பதால், கற்ற வித்தை ஊருக்குத் திரும்பினாலும் உதவும். திரும்புவேன் என்ற எண்ணம் இருப்பவர்கள் அப்படிப்பட்ட ஆய்வகத்தைத் தேடுங்கள்.

அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் புகழ்பெற்ற பட்டதாரி உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2025-இல் அங்கே அரசு ஆய்வு மானியங்களை வெட்டியதால் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. ஆகவே சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு நிதி உறுதி, அது துறையின் பணமா, தனியொரு பேராசிரியரின் மானியமா என்பதைப் படித்துப் பாருங்கள். துறையின் பணம் என்றால் கொஞ்சம் நிம்மதி. விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, விசா, விமானம் என்று முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கையை விட்டுப் போகும் தொகை சில லட்சத்தைத் தொடும். கூலிக் குடும்பத்துக்கு இதுதான் பெரிய சுவர்.

அந்தச் சுவரைத் தாண்ட மத்திய சமூக நீதித் துறையின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினரோடு நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் சில இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதைப் பற்றித் தோட்டப் பகுதிகளில் பேச்சே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் வரிசை இதுதான். அழுகல், மிளகு வாடல் போன்ற மழைக்கால நோய் என்றால் சிஎஸ்ஐஆர் ஜே.ஆர்.எஃப்பை வாங்கிக்கொண்டு வெள்ளானிக்கரைக்கோ கோழிக்கோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போங்கள். தோட்டம் அருகில் இருக்கும், நோய் வந்த அன்றே பார்க்கலாம். வைரஸ், மூலக்கூறு ஆய்வு என்றால் ஐசிஏஆர் தொகையோடு டெல்லி நல்லது. வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஓராண்டு திட்டப் பணி, அதற்குள் நெட். வெளிநாட்டை நிதி உறுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு பாருங்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தவர்கள் சேரும் தேதியிலும் கவனம் வைக்க வேண்டும். சிஎஸ்ஐஆரின் கடிதம் இரண்டாண்டு செல்லும். ஐந்தாண்டுக் கணக்கு நீங்கள் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பதற்றத்தில் ஜூலை நடுவில் சேர்ந்தால், அந்த மழை பதிவு வேலைகளிலேயே போய்விடும், ஐந்தாம் ஆண்டில் மழை உச்சத்தில் இருக்கும்போது பணம் நின்றுவிடும். பல்கலைக்கழகச் சேர்க்கை இடம் கொடுத்தால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ சேருங்கள். பாடங்கள் மே மாதத்துக்குள் பெரும்பாலும் முடியும், முதல் ஜூன் மழைக்கே மாதிரிப் பைகளோடு தோட்டத்தில் இருக்கலாம், ஐந்தாவது மழையும் முழுசாகக் கணக்கில் வரும். சேர்ந்த அறிக்கை போய், கோப்பு நகர்ந்து, வங்கியில் முதல் தொகை விழ மூன்று நான்கு மாதம் ஆகலாம் என்பதால், அதுவரை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணத்தைச் சேருவதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்துவிடுங்கள்.